முதல் கதை தேர்வாகிவிட்டது, ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது

பனங்காட்டுநரி:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஆங்கிலத்தில் மிகுபுனைவுக் (ஃபேன்டசி) கதைகள் எழுதி வெளிநாட்டு இதழ்களுக்கும் தொகுப்புகளுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். 17 நிராகரிப்பு வந்திருக்கிறது, எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை 18ஆவது பதில் வந்தது, கதை தேர்வாகிவிட்டது! அமெரிக்காவில் ஒரு சிறு பதிப்பகம், பெயர் வேண்டாம், இரண்டு பேர் வீட்டிலிருந்தே நடத்துகிறார்கள். நீரில் குடியிருக்கும் தெய்வங்கள், பேய்கள், பிராணிகள் என்பதுதான் தொகுப்பின் பொருள். என் கதை கண்மாயைத் தூர் வாரும்போது மடைக்குக் கீழே அகப்படும் ஒன்றைப் பற்றியது. 4,200 சொற்கள்.

சந்தோஷத்தில் வீட்டில் சொல்லிவிட்டேன், அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நேற்று ஒப்பந்தம் வந்தது, ஏழு பக்கம். முன்பணம் கிடையாது, வருமானத்தில் பாதியை 22 எழுத்தாளர்களும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு மின்நூல் இலவசம். உரிமை என்ற இடத்தில் 'எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதும்' என்று இருக்கிறது. திரைப்பட உரிமையும் அவர்களுக்கே. கையெழுத்துப் போட ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள். போடலாமா?

கடலைமிட்டாய்:
வாழ்த்துகள் தம்பி! கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். முதல் கதைக்கு இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? நம்மூர்ச் சிறுபத்திரிகையில் எழுதினால் யார் காசு கொடுக்கிறார்கள், இதழையே நாமே சந்தா கட்டித்தான் வாங்கிப் படிக்கிறோம். ஒரு கதைக்கு ஹாலிவுட்காரன் வரப்போகிறானா என்ன? அமெரிக்கப் புத்தகத்தில் பெயர் வருகிறது, அதைக் காட்டி அடுத்த கதையை நல்ல இடத்துக்கு அனுப்பலாம்.

நள்ளிரவுத்தேநீர்:
கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. முதலில் கணக்கைப் பார்ப்போம், இந்த விஷயத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை.

மின்நூல் 4.99 டாலர் என்று வையுங்கள். அமேசான் 70 சதவீதம் கொடுத்தால் பதிப்பகத்துக்கு ஏறக்குறைய 3.49 வரும். அதில் பாதி 1.75. அதை 22 பேருக்குப் பிரித்தால் ஒரு பிரதிக்கு உங்களுக்கு 8 சென்ட். அங்கே அறிபுனை (சயின்ஸ் ஃபிக்ஷன்), மிகுபுனை எழுத்தாளர்களின் சங்கம் எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. 2019 செப்டம்பரிலிருந்து தொழில்முறை விகிதம் என்று வைத்திருப்பது சொல்லுக்கு 8 சென்ட். அதன்படி உங்கள் கதைக்கு 336 டாலர். அங்கே சொல்லுக்கு 8, இங்கே பிரதிக்கு 8. அதாவது உங்கள் கதையில் எத்தனை சொற்கள் இருக்கின்றனவோ அத்தனை பிரதி விற்றால்தான் அந்தப் பணம் வரும். 4,200 பிரதி! பெயர் தெரியாத பதிப்பகத்தின் தொகுப்பு 300 விற்றாலே பெரிய விஷயம், 300 விற்றால் உங்கள் பங்கு 24 டாலர். அதையும் ஒரு குறைந்தபட்சத் தொகை சேர்ந்த பிறகுதான் அனுப்புவோம் என்று எங்காவது ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

பணம் குறைவு என்பதற்காக மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லுக்கு 1 சென்ட்டுக்கும், வெறும் பிரதிக்கும் நானே கதை கொடுத்திருக்கிறேன், அந்த ஆசிரியர் பிடித்திருந்தால் இனியும் கொடுப்பேன். ஆனால் 24 டாலருக்கு ஆயுள் முழுக்க எழுதிக் கொடுப்பது வேறு. பதிப்புரிமைக் காலம் முழுவதும் என்றால் என்ன தெரியுமா? அமெரிக்கச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருடம், நம் சட்டப்படி 60 வருடம். பேரன் காலம் வரை.

பனங்காட்டுநரி:
நீங்கள் சொன்ன வரி இருக்கிறது அண்ணா! 50 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்களாம். இன்னொன்று, எழுத்தாளர்கள் 40 சதவீதத் தள்ளுபடியில் குறைந்தது 10 பிரதிகள் வாங்கிக்கொள்ளும்படி 'ஊக்குவிக்கப்படுகிறார்கள்' என்று இருக்கிறது. கட்டாயம் என்று இல்லை.

நள்ளிரவுத்தேநீர்:
22 பேர், ஆளுக்கு 10, மொத்தம் 220 பிரதி. அந்தப் பதிப்பகத்தின் வாசகர்கள் யார் என்று இப்போது புரிகிறதா? நீங்கள்தான். யோக் விதி என்று ஒன்று சொல்வார்கள், ஜேம்ஸ் டி. மெக்டொனால்ட் என்ற எழுத்தாளர் சொன்னது, பணம் எப்போதும் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும் என்று. கட்டாயம் இல்லை என்பதால் இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாங்காதீர்கள். எழுத்தாளர்களை ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எச்சரிக்கும் ரைட்டர் பிவேர் என்ற தளத்தில் அந்தப் பதிப்பகத்தின் பெயரைப் போட்டு ஒருமுறை தேடிவிடுங்கள்.

பழையதபால்:
தேநீர்த் தம்பி கணக்கைச் சொல்லிவிட்டார், நான் என் கதையைச் சொல்கிறேன்.

நான் அனுப்ப ஆரம்பித்தது மின்னஞ்சலில் கதை வாங்காத காலத்தில். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள், வரிக்கு வரி இடைவெளி, ஓரத்தில் ஒரு அங்குலம் (இப்போதும் வில்லியம் ஷன் என்ற எழுத்தாளரின் பெயரால் ஷன் வடிவம் என்று அதையேதான் கேட்கிறார்கள், இத்தனை வருடத்தில் மாறாத ஒரே விஷயம் அதுதான் போலிருக்கிறது), கூடவே பதில் வர சுயமுகவரியிட்ட உறை, நம் தபால்தலை அங்கே செல்லாது என்பதால், அங்கே கொடுத்துத் தபால்தலை வாங்கிக்கொள்ளும் சர்வதேச மறுமொழிக் கூப்பன். அந்தக் கூப்பனைக் கேட்டால் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மேலாளர் வந்து பீரோவின் அடியிலிருந்து எடுத்துத் தருவார். ஒரு கதை போய்ப் பதில் வர ஐந்து மாதம். கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், கிழித்துப் போடுங்கள் என்று எழுதிவிடுவேன், தபால் செலவுக்குப் புதிதாக அச்சடிப்பதே மலிவு.

அப்படிப் பல வருடம் கழித்து ஒரு கதை ஒரு சிறு பதிப்பகத்தின் தொகுப்பில் தேர்வானது. கையெழுத்துப் போட்டேன், படிக்கவே இல்லை, படித்தாலும் புரிந்திருக்காது. தொகுப்பு அடுத்த வருடம் வரும் என்றார்கள், அப்புறம் அதற்கு அடுத்த வருடம் என்றார்கள். அப்புறம் மின்னஞ்சல் திரும்பி வந்தது, தளம் காணாமல் போனது. புத்தகம் வரவே இல்லை. ஆனால் ஒப்பந்தம் இருக்கிறதே! எத்தனை மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்று அதில் இல்லை, வெளியிடாவிட்டால் உரிமை திரும்பும் என்றும் இல்லை. சில வருடம் கழித்து வேறொரு ஆசிரியர் அதே கதையைக் கேட்டார். உரிமை உங்களிடம் இருக்கிறதா என்றார். நேர்மையாக, தெரியவில்லை என்று சொன்னேன். அவர் மரியாதையாக விலகிக்கொண்டார். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த கதை அது. எங்கள் பாட்டி சொன்ன ஒரு முனிக் கதை.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது பணத்தை அல்ல, திரும்பி வரும் வழியை. 18 மாதம் அல்லது 24 மாதத்துக்குள் புத்தகம் வராவிட்டால் எல்லா உரிமையும் தானாக எழுத்தாளருக்கே திரும்பும் என்று ஒரு வரி வேண்டும். 'தானாக' என்பது முக்கியம், எழுதிக் கேட்டால் திரும்பும் என்று இருந்தால், கேட்கும்போது அங்கே ஆள் இருக்க மாட்டான்.

கடலைமிட்டாய்:
சார், மன்னிக்கவும், நான் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். ஆனால் நம் சட்டத்தில் ஏதோ பாதுகாப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டேனே?

பழையதபால்:
இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு. எழுதிக் கொடுத்ததில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதி, வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. அந்தக் கடைசிச் சொல்தான் வில்லங்கம். அதோடு இவர்கள் ஒப்பந்தத்தில் அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டம்தான் செல்லும் என்று எழுதியிருப்பார்கள். 24 டாலருக்காக அங்கே போய் வழக்காடப் போகிறோமா? வக்கீலைவிட ஒரு மின்னஞ்சல் மேல். கேளுங்கள் தம்பி, மாற்றச் சொல்லிக் கேட்பதால் யாரும் கதையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் அவர்களிடமிருந்து தப்பித்தீர்கள் என்று அர்த்தம்.

வேப்பம்பூ:
நடுவில் என் சந்தேகம் ஒன்று. என் கதை ஒன்று தமிழில் ஏற்கெனவே ஒரு சிற்றிதழில் வந்தது. அதை நானே ஆங்கிலத்தில் திருப்பி எழுதி இப்படி ஒரு தொகுப்புக்கு அனுப்பலாமா? 'முன்பு வெளியாகாத கதைகள் மட்டும்' என்று போட்டிருக்கிறார்கள். இன்னொரு கதை பிரதிலிபியில் மட்டும் போட்டேன், 40 பேர்கூடப் படித்திருக்க மாட்டார்கள், அதை எடுத்துவிட்டு அனுப்பினால் தெரியவா போகிறது?

நள்ளிரவுத்தேநீர்:
அக்கா, இரண்டும் வேறு வேறு. தமிழில் வந்த கதைக்கு ஆங்கிலத்தில் முதல் பிரசுர உரிமை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது, அந்தச் சிற்றிதழ் மொழிபெயர்ப்பு உரிமையை எழுதி வாங்கியிருந்தால் தவிர, நம்மூரில் பெரும்பாலும் எதையுமே எழுதி வாங்குவதில்லை. சில ஆசிரியர்கள் புதுக்கதையாகவே எடுத்துக்கொள்வார்கள், சிலர் மொழிபெயர்ப்பு என்று தனியாகப் பார்ப்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி, எந்த இதழ், எந்த வருடம் என்று எழுதிவிடுங்கள். மறைத்தால்தான் பிரச்சினை.

பிரதிலிபி, முகநூல், சொந்த வலைப்பூ, எதில் பொதுவில் போட்டிருந்தாலும் வெளியானதாகத்தான் கணக்கு. 40 பேரா 4 பேரா என்பதெல்லாம் இல்லை. எடுத்துவிட்டாலும் அது வெளியான கதைதான். அதை மறுபிரசுரம் வாங்கும் இடத்துக்கு அனுப்புங்கள், பணம் குறைவாக வரும். வேறு மொழியில் வந்த கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத வழிகாட்டுதலைப் படித்தால் தலை சுற்றும், ஏனென்றால் அதை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே மொழியில் எழுதுகிறவர்கள்.

பனங்காட்டுநரி:
இன்னொரு விஷயம். ஒப்பந்தத்தோடு கதையில் திருத்தங்களும் வந்திருக்கின்றன. 'கண்மாய்' என்பதை 'ஏரி' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாக மாற்றச் சொல்கிறார்கள். 'மடை', தெய்வத்தின் பெயரான 'கருப்பு' எல்லாம் சாய்வெழுத்தில். கடைசியில் ஒரு சொற்பட்டியல் வேண்டுமாம். எங்கள் பக்கம் கண்மாய்க்கு அரசாங்க ஆங்கிலத்தில் டேங்க் என்றுதான் போடுவார்கள், அதைப் போட்டுப் பார்த்தேன், ஆசிரியர் ஓரத்தில் 'இது இராணுவ டேங்க்கா?' என்று கேட்டிருக்கிறார் :)

வேப்பம்பூ:
ஐயோ, சிரித்து முடியவில்லை! அய்யனார் பீரங்கியோடு நிற்கிற மாதிரி ஒரு படம் மனதில் வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஏரி என்று மாற்றாதீர்கள். மனிதன் கரை எழுப்பி, மடை வைத்து, யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து, பராமரிக்காவிட்டால் தூர்ந்து போவது கண்மாய். தூர் வாருவதுதானே உங்கள் கதையே? அவர்கள் நினைக்கிற ஏரியை யாரும் தூர் வார மாட்டார்கள், அது தானாகவே கிடக்கும். அந்தச் சொல் மாறினால் ஊர் ஏன் கூடி மண் அள்ளுகிறது என்பதே விளங்காமல் போகும். கண்மாய் என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் கரையையும் மடையையும் ஒரு ஆள் நடந்து போகிற மாதிரிக் காட்டிவிடுங்கள், படிக்கிறவர் பிடித்துக்கொள்வார். மிகுபுனைவு படிக்கிறவர்கள் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களையும் ராஜா பெயர்களையும் பக்கம் பக்கமாகப் படிக்கிறவர்கள்தானே, கண்மாய் மட்டும் கடிக்குமா?

சாய்வெழுத்து எனக்குப் பிடிக்காது. கதை சொல்கிறவனுக்கு மடை அந்நியச் சொல் இல்லையே. ஆனால் அதற்காகக் கதையைத் திரும்ப வாங்கிக்கொள்வேனா என்றால், மாட்டேன். சொற்பட்டியலுக்கு மட்டும் முடியாது என்று சொல்லுங்கள்.

பழையதபால்:
வேப்பம்பூ சொல்வதுதான் சரி. இப்போது கேட்கலாம், 25 வருடத்துக்கு முன் கேட்டிருக்க முடியாது. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் என்ற ஆங்கில அறிபுனை, மிகுபுனை இணைய இதழை 2000இல் தொடங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழர், மேரி ஆன் மோகன்ராஜ். நம் ஆட்கள் பலருக்கே அது தெரியாது. இப்படி இருபது வருடம் பலர் எழுதியும் சண்டை போட்டும்தான் ஆசிரியர்கள் கேள்வியாகவாவது கேட்கிறார்கள், முன்பெல்லாம் மாற்றிவிட்டு அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் எழுத்துப்பிழை தவிர வேறு திருத்தம் எழுத்தாளர் ஒப்புதலோடுதான் என்று இருக்கிறதா, அதையும் பாருங்கள்.

குறுக்குத்துறை:
நான் புதியவன். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும் என்பதால் ஏஐயில் கொடுத்து மெருகேற்றி அனுப்பலாம் என்று இருக்கிறேன். கதை என்னுடையதுதான். பரவாயில்லையா?

நள்ளிரவுத்தேநீர்:
பரவாயில்லை என்று நான் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அமெரிக்க அறிபுனை இதழ் கதை வாங்குவதையே நிறுத்தியது, அந்த மாதம் 20ஆம் தேதிக்குள் 500 இயந்திரக் கதைகள் வந்து குவிந்ததால். சில வாரம் கழித்துத்தான் திறந்தார்கள். அதிலிருந்து பெரிய இதழ், சிறு பதிப்பகம் என்று இல்லாமல் பலரும் 'எழுதவோ திருத்தவோ ஏஐ பயன்படுத்தவில்லை' என்று உறுதி கேட்கிறார்கள். மெருகேற்றுவதும் அதில் அடங்கும் என்று எழுதியிருந்தால் அடங்கும். பொய் சொல்லி மாட்டினால் அந்த இடம் நிரந்தரமாக மூடிவிடும். தடுமாறுகிற ஆங்கிலமா, இங்கேயே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். என்னிடம் அனுப்புங்கள், சனிக்கிழமை பார்க்கிறேன்.

அப்புறம் எல்லோருக்கும் ஒரு விஷயம். பொருள் வைத்த தொகுப்புக்குக் கதை எழுதும்போது முதலில் தோன்றுவதை எழுதாதீர்கள், எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றும். இந்தியத் தொன்மம் என்று அறிவித்தால் யட்சியும் பனைமரமும் எத்தனை வரும் என்று நினைக்கிறீர்கள்? பனங்காட்டுநரியின் கதை தேர்வானதே தூர் வாருகிறவனின் கூலிச் சண்டையில் ஆரம்பிப்பதால்தான் என்று நினைக்கிறேன், அதை எனக்கு முன்பு படிக்கக் கொடுத்திருந்தார். அதே போல, நிராகரிக்கப்பட்ட தொகுப்புக் கதையை மறுநாளே வேறு இதழுக்கு அனுப்பாதீர்கள். மிச்சமான எல்லோரும் அதையே செய்வார்கள், அந்த மாதம் முழுக்க அந்த ஆசிரியரின் பெட்டியில் நீர்ப்பேயாகவே இருக்கும். ஆறு மாதம் கழியட்டும். எங்கே அனுப்பலாம் என்று தேட சப்மிஷன் கிரைண்டர் என்ற தளம் இருக்கிறது, இலவசம். இதே வேலையை இலவசமாகச் செய்த டுயோட்ரோப் தளம் 2013இல் கட்டணமாக மாறியபோது அதற்குப் பதிலாக வந்தது.

பனங்காட்டுநரி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அவர்களுக்கு எழுதினேன், நான்கு முறை அடித்துத் திருத்தி. நான்கு விஷயம் கேட்டேன்: ஆங்கிலத்தில் முதல் பிரசுர உரிமை மட்டும், வெளியான நாளிலிருந்து 12 மாதம் வேறெங்கும் கொடுக்காமல் இருப்பேன், 18 மாதத்துக்குள் வராவிட்டால் தானாகத் திரும்ப வேண்டும், பங்குக்குப் பதிலாக 40 டாலர் மொத்தமாக. கண்மாய் பற்றித் தனியாக ஒரு பத்தி.

இன்று காலை பதில். முதல் மூன்றுக்கும் சரி என்றுவிட்டார்கள்! அந்த ஒப்பந்தம் எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் படிவமாம், இதுவரை யாரும் கேட்டதே இல்லையாம். 22 பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மற்றவர்களுக்கும் மாற்றி அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். 40 டாலர் முடியாது, பங்குதான் என்றார்கள். 50 டாலர் வரம்பை 10 ஆக்கினார்கள். கண்மாய் கண்மாயாகவே இருக்கும். சொற்பட்டியல் இல்லை, சாய்வெழுத்து இருக்கும்.

நள்ளிரவுத்தேநீர்:
என்னைக் கேட்டால் இன்னும் போட மாட்டேன், 40 டாலர் கொடுக்க முடியாதவர்கள் புத்தகத்தை எப்படி விற்பார்கள்? ஆனால் உரிமை திரும்பி வருகிறது, இழப்பு ஒரு வருடம்தான். உங்கள் முடிவு.

பனங்காட்டுநரி:
போட்டுவிட்டேன் அண்ணா. 12 மாதம் கழித்து மறுபிரசுரமாக வேறு இடத்தில் கேட்பேன். தமிழில் நானே எழுதப்போகிறேன், அதைத் தடுக்க இப்போது யாரும் இல்லை. பணம் வந்தால் எப்படி வாங்குவது?

பழையதபால்:
பேபால்தான். அனுப்புகிற தொகையில் 4 சதவீதத்துக்கு மேல் கட்டணம், டாலரை ரூபாயாக மாற்றும்போது இன்னொரு வெட்டு. பான் எண் வேண்டும், எதற்காக வந்த பணம் என்று ஒரு குறியீடு கேட்கும். டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராயல்டியில் 30 சதவீதம் அங்கேயே பிடிக்கலாம், நம் நாட்டோடு உள்ள ஒப்பந்தப்படி அது 15. இத்தனைக்கும் பிறகு வருவதில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம். வாங்கிக் கொடுங்கள், நான் ஒருவன்.

பனங்காட்டுநரி:
கண்டிப்பாக சார். கடைசியாக ஒன்று, 50 சொற்களில் எழுத்தாளர் குறிப்பு கேட்கிறார்கள். என்ன எழுதுவது? இதுதான் முதல் கதை என்று சொல்லலாமா?

வேப்பம்பூ:
தாராளமாகச் சொல்லுங்கள். பூனை வளர்க்கிறீர்களா? அங்கே யார் குறிப்பை எடுத்தாலும் கடைசி வரியில் ஒரு பூனை இருக்கும்.

பனங்காட்டுநரி:
பூனை இல்லை அக்கா. வீட்டில் மூன்று வெள்ளாடு இருக்கிறது.

வேப்பம்பூ:
வெள்ளாடு போடுங்கள். பெயர் இருந்தால் அதையும்.